மேனேஜரைத் துரத்திய வாரம்: கிளாஸ்கோ நாட்குறிப்பு

செப்டம்பர் 29, 2023, வெள்ளி. கிளாஸ்கோ

மலை, ஏரி, கோட்டை பார்க்கத்தான் எல்லோரும் ஸ்காட்லாந்து போகிறார்கள். நான் போனது கால்பந்துக்காக. லண்டனில் அலுவலக வேலை முடிந்து கொஞ்சம் விடுப்பு மிச்சம் இருந்தது. கூட வேலை செய்யும் கிளாஸ்கோக்காரர் ஒருவர், "நாளைக்கு ஐப்ராக்ஸில் அபர்டீனோடு ஆட்டம், என் அண்ணன் ஊரில் இல்லை, அவருடைய சீசன் சீட் சும்மாதான் கிடக்கும், போய் உட்கார்" என்றார். அதற்கு மேல் யோசிக்க என்ன இருக்கிறது?

தங்கியது ஊரின் கிழக்குப் பக்கம், எழுபது வயதைத் தாண்டிய ஒரு பாட்டி நடத்தும் சின்ன விடுதி. சாவியைக் கொடுத்துக்கொண்டே என் மழைக்கோட்டைப் பார்த்தார். கரும்பச்சை நிறம். "நாளைக்கு எங்கே போகிறாய்?" ஐப்ராக்ஸ் என்றேன். ஒரு வார்த்தை பேசாமல் உள்ளே போய், இறந்துபோன கணவருடைய கருநீலக் கோட்டு ஒன்றை எடுத்துவந்து என் கையில் வைத்தார். ஐப்ராக்ஸ் ரேஞ்சர்ஸ் கிளப்பின் மைதானம், புராட்டஸ்டன்ட் பக்கம். அங்கே பச்சை போட்டுக்கொண்டு போகக்கூடாது, அது ஊரின் இன்னொரு பெரிய கிளப்பான, கத்தோலிக்கப் பக்கமான செல்டிக்கின் நிறம். இந்த ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம்.

ராத்திரி சாப்பாடு தேடிப் போன பப்பின் கதவில், கால்பந்து அணி நிறங்களோடு வருபவர்களுக்கு அனுமதி இல்லை என்று ஒரு பலகை. அடுத்த பப்பிலும் அதே பலகை. கடைசியில் ஒரு கடையில் மீனும் உருளைக்கிழங்கும் வாங்கினேன், பத்து பவுண்டு, நம் கணக்கில் ஆயிரம் ரூபாய்க்கு மேல். உப்பும் வினிகரும் தாராளமாகப் போட்டு, காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார்கள். மீன் என் முன்கை நீளம் இருந்தது. தூறலில் ஒரு கடை வாசலில் நின்றுகொண்டே சாப்பிட்டு முடித்தேன்.

செப்டம்பர் 30, சனி. ஐப்ராக்ஸ்

பாதாள ரயில் இங்கே ஒரே ஒரு வட்டப் பாதைதான், பெட்டிகள் பொம்மை ரயில் போலக் குட்டி, உயரமானவர்கள் குனிந்துதான் நிற்க வேண்டும். ஐப்ராக்ஸ் நிலையத்தில் இறங்கி வெளியே வந்தால் சிவப்புச் செங்கல் முகப்பு, ஆர்ச்சிபால்ட் லீட்ச் வடிவமைத்து 1929-இல் திறந்தது. கோட்டை பார்க்க வரவில்லை என்றேன், ஆனால் இது கோட்டைதான்.

மைதானத்தின் மூலையில் ரேஞ்சர்ஸின் பழைய கேப்டன் ஜான் கிரெய்க் சிலைக்குக் கீழே பெயர்கள் பொறித்திருக்கிறார்கள். 1971 ஜனவரி 2, செல்டிக்குடன் நடந்த ஆட்டம் முடிந்து கூட்டம் இறங்கும்போது பதின்மூன்றாம் எண் படிக்கட்டில் நெரிசல். 66 பேர் இறந்தார்கள். மார்கின்ச் என்ற ஒரே சிற்றூரிலிருந்து ஒன்றாக வந்த ஐந்து பையன்களும் அதில் அடக்கம். என் பக்கத்துச் சீட்டில் இருந்தவர், கப்பல் கட்டும் தளத்தில் வெல்டராக இருந்து ஓய்வு பெற்றவர், அன்றைக்கு அப்பாவோடு வந்திருந்தாராம். "வேறு படிக்கட்டில் இறங்கினோம். வீட்டுக்குப் போனபோது அம்மா வாசலில் நின்றுகொண்டிருந்தாள்." அதோடு நிறுத்திவிட்டு, சட்டைப்பையிலிருந்து ஒரு தகர டப்பாவை எடுத்து, மூடியைக் கட்டைவிரலால் நெம்பி, பழுப்பு நிறத்தில் ஒரு இனிப்புத் துண்டு கொடுத்தார். டாப்லெட் என்கிறார்கள், பாலும் வெண்ணெயும் மலையளவு சர்க்கரையும். வாயில் போட்டதும் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவை வெயிலில் காயவைத்த மாதிரி இருந்தது.

ஆட்டத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அபர்டீன் 3, ரேஞ்சர்ஸ் 1. ஏழு லீக் ஆட்டங்களில் மூன்றாவது தோல்வி, செல்டிக்கை விட ஏழு புள்ளிகள் பின்னால். மூன்றாவது கோலுக்குப் பிறகு சீட்டுகள் மடங்கும் சத்தம் வரிசை வரிசையாகக் கேட்டது, நின்றவர்கள் அணியின் மேனேஜர், அதாவது தலைமைப் பயிற்சியாளர், மைக்கேல் பீல் பக்கம் பார்த்து ஊளையிட்டார்கள். முன் வரிசையில் ஒருவர் கழுத்து நரம்பு புடைக்கக் கத்தியதில் ஒரு வரி எனக்குத் தெளிவாகக் காதில் விழுந்தது: "விசுவாசம் பற்றி நீ பேசுகிறாயா!"

அதற்கு ஒரு பின்கதை உண்டு. பீல் முன்பு இங்கே அப்போதைய மேனேஜர் ஸ்டீவன் ஜெராடின் உதவியாளர். 2020–21 சீசனில் லீகில் ஒரு ஆட்டமும் தோற்காமல் பட்டம் வாங்கி, செல்டிக் தொடர்ந்து பத்தாவது பட்டம் வாங்காமல் தடுத்த குழு அது. அடுத்த நவம்பரிலேயே ஜெராட் இங்கிலாந்தின் ஆஸ்டன் வில்லா கிளப்புக்குப் போனார், பீலும் கூடவே போனார். அப்புறம் லண்டனில் ஒரு கிளப்புக்கு மேனேஜர் ஆனார். 2022 அக்டோபரில் வுல்வ்ஸ் என்ற இன்னொரு இங்கிலாந்து கிளப் கூப்பிட்டபோது நேர்மை, விசுவாசம் என்றெல்லாம் சொல்லி மறுத்துவிட்டு, அடுத்த மாதமே ரேஞ்சர்ஸ் கூப்பிட்டதும் கிளம்பி வந்துவிட்டார். தன் கிளப்புக்காக இன்னொரு கிளப்பை விட்டு வந்ததை அன்றைக்கு இவர்கள் கொண்டாடினார்கள். தோற்க ஆரம்பித்ததும் அதே விஷயம் குற்றப்பட்டியலில் முதல் வரியாகிவிட்டது.

வெல்டர் ஊளையிடவில்லை. கடைசி விசில் வரை உட்கார்ந்திருந்து, கைதட்டிவிட்டுத்தான் எழுந்தார்.

ஒன்றையும் மறைக்க விரும்பவில்லை. ஆட்டத்துக்கு முன் வெளியே சில கூட்டங்கள் பாடிய பாட்டுகளில் கத்தோலிக்கரைப் பற்றிய வரிகள் கேட்கவே கூசின. இது போன்ற பாட்டுக்காக 2006-இல் ஐரோப்பியக் கால்பந்துச் சங்கம் இந்தக் கிளப்புக்கு அபராதமே போட்டிருக்கிறது. பாடியவர்களில் பாதிப்பேர் இருபது வயதுகூட ஆகாத பையன்கள். அவர்களுக்கு அந்த வெறுப்பு எங்கிருந்து வந்தது என்று அடுத்த நாள் வரை என் மனதில் ஓடிக்கொண்டே இருந்தது.

அக்டோபர் 1, ஞாயிறு

காலை உணவு: சதுரமாக வெட்டிய சாசேஜ், உருளைக்கிழங்கு ரொட்டி, முட்டை, காபியைவிடக் கறுப்பான தேநீர். மழை விடவில்லை. பாட்டி எதிரில் உட்கார்ந்து பேச ஆரம்பித்தார், பகல் ஆகிவிட்டது.

இவர் கோட்பிரிட்ஜில் பிறந்த கத்தோலிக்கர். கணவர் கோவன் பகுதிக்காரர், புராட்டஸ்டன்ட், ரேஞ்சர்ஸ். எழுபதுகளில் கல்யாணம். அவர் பக்கம் அம்மா வரவில்லை, இவர் பக்கம் அண்ணன் வரவில்லை. கிளாஸ்கோவில் பெயரைக் கேட்டதும் அடுத்த கேள்வி எந்தப் பள்ளி என்பதுதானாம். 1918 சட்டத்துக்குப் பிறகு கத்தோலிக்கப் பள்ளிகளும் அரசுப் பள்ளிகளாகத் தொடர்வதால், பள்ளிப் பெயரைச் சொன்னால் மதம் தெரிந்துவிடும், மதம் தெரிந்தால் கிளப் தெரிந்துவிடும். கப்பல் தளத்தில் வேலை கேட்கப் போனாலும் அதே கேள்விதான் என்றார்.

"என் புருஷன் கடைசி இருபது வருஷம் எந்தச் சர்ச்சுக்கும் போகவில்லை. ஐப்ராக்ஸுக்கு ஒரு சனிக்கிழமை விட்டதில்லை" என்றார். இந்தப் பயணத்தில் நான் கேட்டதிலேயே முக்கியமான வரி இதுதான். நம்பிக்கை போய்விட்டது, அது நின்ற இடத்தில் கிளப் நிற்கிறது. பாடும் பையன்களுக்குச் சர்ச்சின் உள்பக்கம் எப்படி இருக்கும் என்றே தெரியாது. பாட்டு மட்டும் தாத்தாவிடமிருந்து வந்து சேர்ந்திருக்கிறது.

1989 ஜூலையில் மேனேஜர் கிரேம் சூனஸ், மோ ஜான்ஸ்டனை ரேஞ்சர்ஸுக்குக் கொண்டுவந்தார். கத்தோலிக்கர், அதுவும் முன்னாள் செல்டிக் வீரர், சில வாரங்களுக்கு முன்புதான் செல்டிக் சட்டையைப் பிடித்துக்கொண்டு மறுபடி அங்கே வருவதாகப் பத்திரிகைகளுக்குப் படம் கொடுத்தவர். ரேஞ்சர்ஸ் ரசிகர்கள் தெருவில் ஸ்கார்ஃபை எரித்தார்கள். இந்த வீட்டில் எரிக்கவில்லை, கணவர் குப்பைத்தொட்டியில் போட்டார், பாட்டி எடுத்து அலமாரியில் ஒளித்துவைத்தார். நவம்பரில் ஜான்ஸ்டன் செல்டிக்குக்கு எதிராகக் கடைசி நேரத்தில் கோல் போட்டு 1–0 என்று ஜெயிக்க வைத்தாரே, அன்றைக்கு ராத்திரி கணவர் வந்து மெதுவாகக் கேட்டாராம், "அந்த ஸ்கார்ஃப் எங்கேயாவது கிடக்கிறதா?" சொல்லும்போது பாட்டிக்குச் சிரிப்பும் கண்ணீரும் சேர்ந்தே வந்தன. பத்து வருடத்துக்குள் இத்தாலியக் கத்தோலிக்கரான லொரென்சோ அமோருசோ அதே ரேஞ்சர்ஸுக்குக் கேப்டன். அப்போது வீட்டில் யாரும் வாய் திறக்கவில்லையாம்.

ராத்திரி தொலைக்காட்சியில் செய்தி: பீல் நீக்கம். பாட்டி சத்தத்தைக் கூட்டினார், கேட்டார், குறைத்தார். "பாவம், அவனுக்கும் குழந்தை குட்டி இருக்கும்."

அக்டோபர் 2, திங்கள்

ஹாம்ப்டன் பார்க்கில் உள்ள கால்பந்து அருங்காட்சியகம். 1937-இல் இங்கிலாந்துடன் நடந்த ஆட்டத்துக்கு இந்த மைதானத்தில் 1,49,415 பேர் நின்றிருக்கிறார்கள். அந்தப் படத்தில் தொப்பி போடாத ஒரு தலையைத் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. வேறொன்றும் செய்யவில்லை, கால் வலி.

அக்டோபர் 3, செவ்வாய். கால்டன், பார்க்ஹெட், பிரிட்ஜ்டன்

செயின்ட் மேரி சர்ச்சிலிருந்து நடக்க ஆரம்பித்தேன். 1887 நவம்பரில் இந்தச் சர்ச் கூடத்தில்தான் செல்டிக் பிறந்தது. பஞ்சம் பிழைக்க அயர்லாந்திலிருந்து வந்தவர்களின் பிள்ளைகள் பட்டினி கிடந்தார்கள். அவர்களுக்குச் சோறு போடப் பணம் திரட்டத்தான் ஸ்லைகோவிலிருந்து வந்த துறவி பிரதர் வால்ஃபிரிட் கிளப்பைத் தொடங்கினார். 1888 மே மாதம் முதல் ஆட்டம், எதிரணி ரேஞ்சர்ஸ், செல்டிக் 5–2. பகையே இல்லாமல் நடந்த ஆட்டம் அது. அப்போது ரேஞ்சர்ஸுக்கு மதச்சாயமும் கிடையாது, படகு ஓட்டும் ஆசையில் இருந்த நாலு பையன்கள் 1872-இல் தொடங்கிய அணி. பின்னால் அயர்லாந்திலிருந்து வந்தவர்களின் அணிக்கு எதிராக ஒரு அணி தேவைப்பட்டது, பெல்ஃபாஸ்ட்டின் ஹார்லண்ட் அண்ட் வுல்ஃப் கப்பல் கம்பெனி 1912-இல் கோவனில் தளம் வாங்கியபோது அயர்லாந்தின் வடபகுதியான ஆல்ஸ்டரிலிருந்து புராட்டஸ்டன்ட் தொழிலாளர்களும் வந்தார்கள், சாயம் கெட்டிப்பட்டது.

செல்டிக் பார்க் வாசலில் வால்ஃபிரிட் சிலைக்குப் பக்கத்தில், ஐரோப்பியக் கோப்பையைக் கையில் ஏந்திய ஜாக் ஸ்டீன். சிலையைத் துடைத்துக்கொண்டிருந்தார் ஒரு பெரியவர். வேலையாள் இல்லை, ரசிகர். பறவை எச்சம் பட்டிருந்ததாம், கைக்குட்டையை மழைத்தண்ணீரில் நனைத்து ஷூவின் மடிப்புவரை துடைத்தார். "இவர் புராட்டஸ்டன்ட், தெரியுமா?" என்றார். தெரியும். சுரங்கத் தொழிலாளி, ரேஞ்சர்ஸ் ரசிகர்களின் குடும்பம். 1965-இல் செல்டிக்கின் முதல் கத்தோலிக்கரல்லாத மேனேஜர். 1967-இல் லிஸ்பனில் அந்தக் கோப்பையின் இறுதியாட்டத்தில் இன்டர் மிலானை 2–1 வென்றார், ஆடிய பதினொரு பேரும் கிளாஸ்கோவைச் சுற்றி முப்பது மைலுக்குள் பிறந்தவர்கள். தொடர்ந்து ஒன்பது லீக் பட்டம். செல்டிக் எந்த மதத்தவரையும் எடுத்துக்கொண்டது, எதிரணி எடுக்கவில்லை, அதுவே ஸ்டீனுக்கு வசதியாயிற்று. பெரியவர் டேனி மெக்ரெய்ன் கதையைச் சொன்னார். பெயரைப் பார்த்துக் கத்தோலிக்கர் என்று நினைத்து ரேஞ்சர்ஸ் ஆள் அவரை விட்டுவிட்டாராம். அவரோ புராட்டஸ்டன்ட், ரேஞ்சர்ஸ் ஆதரிக்கும் வீடு. அப்படிக் கைவிட்டுப் போனவர் செல்டிக்கின் தலைசிறந்த தடுப்பாட்டக்காரர் ஆனார்.

நான் இந்தியா என்றதும் பெரியவர் முகம் மலர்ந்தது. "சலீம்!" 1936-இல் கல்கத்தாவின் முகமது சலீம் இங்கே வந்து வெறுங்காலில், கட்டுத்துணி சுற்றிய பாதங்களோடு செல்டிக்குக்கு ஆடினார். மேனேஜர் வில்லி மேலி சம்மதித்திருக்கிறார். ஊர்நாட்டு இளைஞர்களுக்கே மதம் பார்த்து இடம் மறுத்துக்கொண்டிருந்த நகரத்தில், ஒரு இந்திய முஸ்லிம் காலணி இல்லாமல் களம் இறங்கினார் என்பதை நினைத்தால் எனக்குச் சிலிர்க்கிறது.

அங்கிருந்து பொடிநடையாகப் பிரிட்ஜ்டன் முக்கு, 1875-இல் வைத்த இரும்புக் கூரை நிற்கும் இடம், ஊர்க்காரர்கள் குடை என்கிறார்கள். பார்க்ஹெட்டில் ஜன்னல்களில் அயர்லாந்தின் மூவண்ணம். இங்கே பிரிட்டிஷ் கொடி. நடுவில் ஒரே சாலை. 1995 அக்டோபரில் செல்டிக் பார்க்கிலிருந்து வீட்டுக்கு நடந்துபோன பதினாறு வயதுப் பையனை இந்தப் பகுதியில்தான் கழுத்தை அறுத்துக் கொன்றார்கள். அணிந்திருந்த நிறத்துக்காக. அவன் பள்ளித்தோழி ஒருத்தி மதவெறுப்புக்கு எதிராகத் தொடங்கிய அமைப்பு இன்றும் பள்ளிகளுக்குப் போய்ப் பேசுகிறது. கால்பந்தை நான் எவ்வளவு நேசித்தாலும், ஒரு பிள்ளையின் உயிருக்கு முன்னால் எந்தக் கோப்பைக்கும் மதிப்பில்லை. கதவுப் பலகைகளின் அர்த்தம் எனக்கு இங்கே நின்றபோதுதான் முழுசாக உறைத்தது.

அக்டோபர் 4, புதன். கேலோகேட்

செல்டிக்–லாட்சியோ, இத்தாலிய அணியோடு ஐரோப்பியப் போட்டி. டிக்கெட் இல்லை, பப்பில் நின்று பார்த்தேன். உட்கார இடமில்லை, தோளோடு தோள், ஈரக் கம்பளிச் சட்டைகளின் வாசனை. செல்டிக்கின் கியோகோ சீக்கிரமே கோல் போட்டதும் முன்பின் தெரியாத ஒருவர் என்னைத் தூக்கியேவிட்டார். லாட்சியோ சமன் செய்தது. கடைசியில் செல்டிக்கின் பால்மா போட்ட கோலை ஆஃப்சைடு என்று ரத்து செய்தார்கள், 95-ஆவது நிமிடத்தில் லாட்சியோவின் பெட்ரோ தலையால் முட்டி 1–2. பப்பில் சத்தமே இல்லை.

பிறகு சண்டை தொடங்கியது, செல்டிக் மேனேஜர் பிரெண்டன் ராட்ஜர்ஸைப் பற்றி. இவர் வட அயர்லாந்துக் கத்தோலிக்கர், சின்ன வயதிலிருந்தே செல்டிக் ரசிகர். 2016–17-இல் உள்நாட்டில் ஒரு ஆட்டமும் தோற்காமல் ஸ்காட்லாந்தின் மூன்று கோப்பைகளையும் வாங்கிக் கொடுத்தவர். 2019 பிப்ரவரியில் சீசன் நடுவே இங்கிலாந்தின் லெஸ்டர் கிளப்புக்குப் போனார். அன்று ரசிகர்கள் பிடித்த பேனரில், அமரத்துவத்தைக் கொடுத்துச் சாதாரணத்தை வாங்கினாய், நீ எப்போதும் செல்டிக் ஆள் இல்லை, எப்போதும் மோசடிக்காரன் என்று எழுதியிருந்தது. போன ஜூனில் திரும்பி வந்திருக்கிறார். "ஜெயித்தால் மன்னிக்கலாம்" என்றது ஒரு பக்கம். "ஜெயித்தாலும் முடியாது, மறுபடி போவான்" என்றது இன்னொரு பக்கம். மகன் முதல் கட்சி, அப்பா இரண்டாவது, ஒரே மேஜை, அப்பாவுக்கான பியரை மகன்தான் வாங்கி வைத்தான்.

நேற்றுத் துடைத்த சிலையைத்தான் நினைத்துக்கொண்டேன். புராட்டஸ்டன்ட் ஸ்டீன் இங்கே புனிதர். சொந்த மதம், சொந்த ரத்தம், சிறுவயது ரசிகர், அந்த ராட்ஜர்ஸ் துரோகி. மேனேஜர் விஷயத்தில் இவர்கள் மதம் பார்ப்பதில்லை. விட்டுப் போனானா, போகவில்லையா என்று மட்டும்தான் பார்க்கிறார்கள். எதிரணி மேனேஜர் என்றால் கதை வேறு. 2011-இல் செல்டிக் மேனேஜர் நீல் லெனனுக்குத் தபாலில் வெடிகுண்டுப் பொட்டலம் அனுப்பினார்கள், அதே ஆண்டு மே மாதம் எடின்பரோ மைதானத்தில் எல்லைக்கோட்டுக்குப் பக்கத்திலேயே ஒருவன் பாய்ந்து தாக்கினான்.

இந்தப் பக்கம் எல்லாம் சுத்தம் என்றும் சொல்ல மாட்டேன். பப் மூடும் நேரத்தில் ஐரிஷ் ஆயுதக் குழுவைப் புகழும் பாட்டு ஒன்று கிளம்பியது. மகனோடு இருந்த அந்த அப்பா எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டார்.

அக்டோபர் 5, வியாழன்

நாள் முழுக்க மழை. பொல்லக்‌ஷீல்ட்ஸ் பக்கம் சுடச்சுடப் பக்கோடா, இளஞ்சிவப்பு நிறத்தில் ஒரு சாஸ், ஐந்து பவுண்டு. கடைக்காரர் குடும்பம் லாகூரிலிருந்து வந்தது, பேச்சு அச்சு அசல் கிளாஸ்கோ. அவர் பார்ட்டிக் திஸில் ரசிகர், இரண்டு பக்கமும் சேராத இன்னொரு கிளாஸ்கோ கிளப், மைதானம் ஃபர்ஹில். "பள்ளியில் இரண்டு பக்கமும் இழுத்தார்கள். அப்பா ஃபர்ஹில்லுக்குக் கூட்டிப்போனார், அங்கே எங்களை யாரும் ஒன்றும் கேட்கவில்லை." ராத்திரி சைப்ரஸில் ரேஞ்சர்ஸ் 2–1 என்று தோற்றது. கடை தொலைக்காட்சியில் ஓடியது, அவர் திரும்பியே பார்க்கவில்லை.

அக்டோபர் 7, சனி. எடின்பரோ

இன்றைக்கு எடின்பரோ டெர்பி, ஊரின் இரண்டு அணிகளான ஹார்ட்ஸும் ஹிப்ஸும் மோதும் ஆட்டம். மழை எச்சரிக்கையைப் பொருட்படுத்தாமல் கிளம்பிவிட்டேன். ஹேமார்க்கெட்டில் ஹார்ட்ஸ் நினைவுக் கோபுரம், 1914-இல் அணியாகவே பட்டாளத்தில் சேர்ந்தவர்களுக்காக வைத்தது. பக்கத்துப் பப்பில் இரண்டு தரப்பும் ஒன்றாக நின்று பார்த்தார்கள், ஸ்கார்ஃபோடு. கிளாஸ்கோவிலிருந்து வந்தவனுக்கு அதுவே பெரிய அதிசயம். ஹார்ட்ஸ் இரண்டு கோல் முன்னால், ஹிப்ஸின் யூவான் அடுத்தடுத்து இரண்டு போட்டு 2–2.

ஹிப்ஸும் ஐரிஷ் கத்தோலிக்க அணியாகத்தான் 1875-இல் தொடங்கியது. கேனன் ஹன்னன் என்ற பாதிரியார் நடத்தியபோது கத்தோலிக்கர் மட்டுமே ஆடலாம். செல்டிக் வந்து அவர்களுடைய நல்ல வீரர்களை அள்ளிக்கொண்டு போனதில் அணியே கலைந்தது. 1892 வாக்கில் மறுபடி தொடங்கியபோது மதக்கட்டுப்பாடு இல்லை. நூறு வருடத்துக்கு மேல் ஆகியும் ஹிப்ஸ் ரசிகர் ஒருவர் செல்டிக்கைத்தான் திட்டினார், எதிரில் நின்ற ஹார்ட்ஸ்காரரை அல்ல. 1990-இல் ஹார்ட்ஸ் முதலாளி வாலஸ் மெர்சர் இரண்டு கிளப்புகளையும் இணைக்கப் பார்த்தபோது ஹார்ட்ஸ் ரசிகர்களிலும் பலர் எதிர்த்தார்கள். "எதிரி இல்லாமல் நாங்கள் யாரோடு சண்டை போடுவது?" என்று கேட்டார் ஹார்ட்ஸ்காரர். மிகச் சரியான கேள்வி.

சாயங்காலம் நிலையத்துக்குப் போனால் பலகை முழுக்க ரத்து. தண்டவாளங்களில் வெள்ளம். எந்தப் பேருந்து, எப்போது என்று சொல்ல ஆளில்லை, ஒரு குரல் மன்னிப்பு மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது. ஒரு மணி நேரத்தில் போக வேண்டிய ஊருக்கு, கொட்டும் மழையில் வரிசையில் நின்று, நெரிசல் பேருந்தில் ஏறி, நள்ளிரவு நெருங்கித்தான் வந்து சேர்ந்தேன். பக்கத்தில் இருந்த பெண் தன் உருளைக்கிழங்கு சிப்ஸ் பாக்கெட்டைப் பிரித்து இருவருக்கும் நடுவில் வைத்தார், ஒன்றும் கேட்கவில்லை. செயின்ட் ஜான்ஸ்டோன் அணியின் ரசிகராம்.

அக்டோபர் 8, ஞாயிறு. பெய்ஸ்லி

விமான நிலையம் பெய்ஸ்லி பக்கம்தான். அதே ஊரில் இன்று ரேஞ்சர்ஸ், தற்காலிகப் பொறுப்பில் ஸ்டீவன் டேவிஸ், ஊர் அணியான செயின்ட் மிரனை 3–0 வென்றது. பெட்டியோடு ஒரு தேநீர்க்கடையில் ஒதுங்கியிருந்தபோது நீலச்சட்டைக் கூட்டம் ஒன்று உள்ளே வந்தது. வென்ற ஆட்டத்தைப் பற்றி ஒரு நிமிடம்கூடப் பேசவில்லை. அடுத்த மேனேஜர் யார் என்பதுதான் பேச்சு.

ஒருவருக்குக் கெவின் மஸ்கட். ஆஸ்திரேலியர், ஜப்பானில் பட்டம் வாங்கியவர், முக்கியமாக இங்கே ஆடியவர், "நம்ம ஆள்." இன்னொருவருக்கு ஃபிலிப் கிளெமெண்ட், பெல்ஜியத்தில் மூன்று லீக் பட்டம். "மொனாக்கோ துரத்திவிட்ட ஆளை நாம் ஏன் எடுக்க வேண்டும்?" "அபர்டீனிடம் மூன்று வாங்கிய நாமா மொனாக்கோவைப் பேசுவது?" லாம்பார்டு பெயரைச் சொன்ன பையனை எல்லோரும் சேர்ந்து உட்கார வைத்தார்கள். பெல்ஜியக்காரர் என்ன மதம் என்று ஒரு குரல்கூட வரவில்லை.

என்னிடமும் கேட்டார்கள், நீ யாரை எடுப்பாய் என்று. கிளெமெண்ட் என்றேன். நம்ம ஆள், நம்ம ஆள் என்று சொல்லித்தானே பீலை எடுத்தீர்கள், ஜெராடும் நம்ம ஆள் என்றுதானே நினைத்தீர்கள், இங்கே வேர் இல்லாதவர் வேலையை மட்டும் பார்ப்பார், அது போதாதா? மேஜையில் பாதி தலையாட்டியது. மஸ்கட் கட்சிக்காரர் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, ரேஞ்சர்ஸின் பழைய மேனேஜர் வால்டர் ஸ்மித் யார், அவர் ஏன் வெறும் வேலை பார்ப்பவர் இல்லை, தொடர்ந்து ஒன்பது பட்டம் எப்படி வந்தது என்று ஆரம்பத்திலிருந்து சொல்லத் தொடங்கினார். விமான நிலையப் பேருந்து வாசலில் வந்து நின்றபோது அவர் 1993 வரைதான் வந்திருந்தார்.